முட்டி வலிக்கு வந்த சாத்துக்குடி

என் மாமியாரின் முட்டியை நான்தான் கெடுத்தேன். கையால் தொடவில்லை, போனிலேயே கெடுத்தேன்.

அதுவரை அந்த முட்டிக்கு ஒரு குறையும் இல்லை. கிருத்திகை தவறாமல் சென்னிமலைப் படிக்கட்டில் ஏறி இறங்குகிற முட்டி அது. பாதிப் படியில் நான் 'கொஞ்சம் காற்று வாங்குகிறேன்' என்று உட்கார்ந்துவிடுவேன். என் மாமியார் என்னைத் தாண்டி மேலே போய், தரிசனம் முடித்து, இறங்கும் வழியில் என்னைக் கைப்பிடித்து எழுப்பிக் கூட்டிவருவார். அப்படிப்பட்ட முட்டியை ஒரு நாள் பகல் பதினொன்றரை மணிக்கு அறுத்து, கட்டுப் போட்டு, படுக்கையில் கிடத்தினேன். மூன்று நிமிடம்தான் ஆனது.

எனக்கு ஒரு வியாதி. பதறினால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு வாய் தனியாகக் கிளம்பிவிடும். கிளம்பிப் போய்ப் பொய் சொல்லும், அதுவும் விவரத்தோடு. டிராஃபிக் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினால், லைசென்ஸ் சட்டைப் பையில் இருக்கும்போதே, "பெரியப்பா தவறிட்டாருங்க" என்று சொல்லிவிடுவேன். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அப்பாவுக்கு அண்ணனே கிடையாது.

சிங்காநல்லூரில் எனக்கு ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது என் தொழில். என் மனைவி ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறாள். புது மோட்டார் எரியாமல் ஓடுமா என்று பார்த்து அனுப்புவது அவள் வேலை. அவள் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் எனக்குப் பிழைப்பு கிடையாது. இது தெரிந்தும் இருபத்தொரு வருடமாகக் குடும்பம் நடத்துகிறோம்.

அன்று போன் செய்தவர் அவளுடைய கம்பெனி முதலாளி. அதற்கு முன் அவர் என்னை அழைத்தது ஒரே ஒரு தடவை, அவர் மகன் கல்யாணத்துக்கு.

"தம்பி, நல்லா இருக்கறீங்களா? சோலியா இருக்கறீங்களாட்ட இருக்குது?"

"இல்லீங்கய்யா, சும்மாதானுங்க. சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங் தம்பி. கிணத்துக்கடவுல புது யூனிட் தொறக்கறமுல்லீங்களா. அதுக்கு மேனேஜரா உங்க ஊட்டு அம்மணியப் போடலாம்னு ஒரு ரோசனை. அதான், உங்களை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு அம்மணிகிட்டச் சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

ஒரு நல்ல மனிதன் இந்த இடத்தில் சந்தோஷப்பட்டிருப்பான். எனக்கு முதலில் தோன்றியது பெருங்காயம்.

எங்கள் வீட்டில் பெருங்காயம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கிணத்துக்கடவு என்றால் காலை ஏழு மணிக்கே அவள் வண்டி ஏற வேண்டும். திரும்பி வர இருட்டிவிடும். மாவு யார் ஆட்டுவது? பிளஸ் டூ படிக்கிற மகளுக்கு டிபன் பாக்ஸ் யார் கட்டுவது? கேஸ் சிலிண்டர் எந்த நம்பரில் பதிவு செய்வது? பேக்கரியில் டீ குடிக்கும்போது என் சேக்காளிகள், "என்னுங் மேனேஜரம்மா ஊட்டுக்காரரே" என்று கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது? இவ்வளவும் ஒரு மூச்சு இழுக்கும் நேரத்துக்குள் ஓடி முடிந்தது. மூச்சு விடும்போது வாய் கிளம்பிவிட்டது.

"ரொம்ப சந்தோசமுங்கய்யா. ஆனா அவளால முடியாதுங்க. என்ற மாமியாருக்கு முட்டி ஆபரேஷனுங்க. ரண்டு முட்டியும். எங்க ஊட்லதான் படுத்த படுக்கையா இருக்காங்க. இவதான் பாத்துக்கறா."

"அடடா! எப்பங் தம்பி?"

"போன வாரமுங்க. பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாங்க. பச்சைக் கலர் டைல்ஸுங்க."

டைல்ஸின் நிறத்தை அவர் கேட்கவே இல்லை.

"பாவமே! பொண்ணும் இந்த வருசம் பிளஸ் டூங்களா? அப்பச் செரிங் தம்பி. நான் அம்மணிகிட்ட இதைப் பத்திப் பேச்சே எடுக்கல. முடியாதுன்னு எங்கிட்டச் சொல்றதுக்கு அவிய சங்கடப்படுவாங்க. நம்மளுக்குள்ளயே இருக்கட்டும்."

எவ்வளவு மரியாதை பாருங்கள். எங்கள் பக்கம் யாரையும் 'நீ வேண்டாம்' என்று சொல்லமாட்டார்கள். 'உங்களுக்கு எதுக்குங் சிரமம்' என்பார்கள். இரண்டுக்கும் கதவு ஒரே மாதிரிதான் சாத்திக்கொள்ளும், இரண்டாவதில் சத்தம் மட்டும் வராது.

அவளுடைய பத்தொன்பது வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனியில் பெண்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றுகிற இடத்திலும் பேக்கிங்கிலும்தான். டெஸ்டிங்கில் இவள் ஒருத்தி. தண்ணீர்த் தொட்டியின்மேல் பம்பை ஓடவிட்டு, மீட்டரெல்லாம் பார்த்த பிறகு, ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பம்பின் உடம்பில் ஒரு முனையையும் தன் காதில் மறு முனையையும் வைத்துக் கேட்பாள். பேரிங்கில் எங்கோ ஒரு முணுமுணுப்பு இருந்தால் அவள் முகத்தில் முதலில் தெரியும், மீட்டரில் பிறகுதான். அவள் தலையை இடவலமாக அசைத்துவிட்டால் அந்தப் பம்பை முதலாளியே வந்தாலும் லாரியில் ஏற்ற முடியாது.

இந்தப் பத்தொன்பது வருடத்தில் டெஸ்டிங்குக்கு மூன்று மேனேஜர்கள் வந்தார்கள். மூவருக்கும் எந்த வால்வு எதற்கு என்று காட்டிக்கொடுத்தவள் இவள். முதல் வாரம் 'தம்பி'யாக இருந்தவர்கள் இரண்டாம் வாரம் 'சார்' ஆனார்கள். முதல் தடவை, "அம்மணிக்குக் கைக்கொழந்தை இருக்குது" என்றார்கள். இரண்டாம் தடவை, "லோடு ஏத்தற ஆளுக ஒரு மாதிரிப் பேசுவாங்க, அம்மணிக்கு எதுக்கு" என்றார்கள். மூன்றாம் தடவை காரணம் எதுவும் சொல்லவில்லை. கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு பேக்கரி உண்டு. மீட்டிங்கில் பேசியது போதாமல் ஆண்களெல்லாம் அங்கே நின்று டீயும் வெஜிடபிள் பப்ஸுமாகப் பேசி முடித்துவிட்டார்கள். இவள் அந்த நேரத்தில் அன்றைய ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டிருந்தாள்.

ரிப்போர்ட்டின் அடியில் 'மேனேஜர்' என்று ஒரு சீல் இருக்கும். மேனேஜர் பெரும்பாலும் சீட்டில் இருக்கமாட்டார். இவள் சீலுக்கு மேலே, அவருக்குப் பதிலாக என்ற பொருளில், 'ஃபார்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போடுவாள். பத்தொன்பது வருடமாக அந்த 'ஃபார்' அவள் கூடவே வந்தது.

ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து சொல்வாள். நானும் ஒவ்வொரு தடவையும், "உடு கண்ணு, தலைவலி மிச்சம்" என்பேன். ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், மூன்று தடவையும் நான் அதைக் கொஞ்சம் வேகமாகவே சொல்லியிருக்கிறேன்.

போன் வந்த அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவளுடைய செருப்பைத் தைத்து வாங்கி வந்தேன். அதற்கு மறுநாள் கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

"ஏனுங், உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே சொன்னாள்: "கிணத்துக்கடவுக்கு அந்தத் தம்பிய மேனேஜராப் போடறாங்களாமா."

அந்தத் தம்பி யார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியர் பையன். நல்ல பையன். ஸ்க்ரூ டிரைவரின் எந்த முனையைக் காதில் வைப்பது என்று இவள்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"அப்படியா?" என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"கேட்டிருந்தா ஒருவேளை நானே வேண்டாம்னு சொல்லியிருப்பனோ என்னமோ. பொண்ணு படிக்கறா, தூரம் வேற. ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லங்க." காயை உடைத்துப் பாத்திரத்தில் போட்டாள். "மூணு தடவை ஆச்சு, போவுட்டும். இந்தத் தடவை கேப்பாங்கன்னு நெனச்சுப்போட்டேன்."

வேண்டாத நேரத்திலெல்லாம் தானாகக் கிளம்புகிற என் வாய், அப்போது பூட்டுப் போட்டுக்கொண்டது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை திறந்தேன். மூன்றாம் முறை திறந்தபோது வெளியே வந்தது, "உடு கண்ணு, தலைவலி மிச்சம்."

நான்காவது தடவை.

பொய் சொல்வதில் இவ்வளவு அனுபவம் உள்ள நான் ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்துவிட்டால், போய்ப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள். கல்யாணத்துக்கு வராததைக்கூட மன்னிப்பார்கள், ஆஸ்பத்திரிக்கு வராததைப் பேரன் காலம்வரை சொல்லிக்காட்டுவார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், வேறு எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் தப்பியிருப்பேன். முட்டியைச் சொன்னேன் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். முதலாளியும் அவர் வீட்டம்மாவும் நின்றிருந்தார்கள். அவர் கையில் ஒரு பெரிய பை நிறையச் சாத்துக்குடி. எங்கள் வீடு மாடியில். அந்த வயதில் இருவரும் படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. எனக்கு ஏறாமலேயே வாங்கியது.

"பெரியம்மா எந்த ரூம்ல படுத்திருக்காங்க தம்பி?" என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தூங்கறாங்கய்யா" என்று நானும் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

அதற்குள் என் மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள். "அய்யா! வாங்கய்யா, வாங்கம்மா. என்ன இத்தனை தூரம், ஒரு போன்கூடப் பண்ணாம! உக்காருங்க." பிறகு என்னிடம், "ஆருங்க தூங்கறாங்க?"

நான் மின்விசிறியைப் போடப் போனேன். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளியின் வீட்டம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கம்மாளுக்கு முட்டி இப்ப எப்படி இருக்குது அம்மணி? ரண்டையும் ஒரே நாள்ல பண்ணிப்போட்டாங்களாமா? கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆகல."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து, உள்ளே ஏதோ முணுமுணுக்கிறது என்று கண்டுபிடித்த முகம்.

அந்த நேரம் பார்த்துக் கீழே கேட் திறந்தது. படியில் தடதடவென்று காலடிச் சத்தம். மாதம் ஒரு தடவை என் மாமியார் சென்னிமலையிலிருந்து பெட்ஷீட் மூட்டையோடு வருவார். எங்கள் தெருப் பெண்களெல்லாம் அவரிடம்தான் வாங்குவார்கள். அடுத்த வாரம்தான் வருவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். தலையில் மூட்டையோடு, கைப்பிடிச் சுவரைத் தொடாமல், இரண்டிரண்டு படியாக ஏறி வந்து நின்றார்.

"ஏங் கண்ணு, கீழ் ஊட்டுக்காரம்மா டபுள் பெட்ஷீட் கேட்டா, அதான் முன்னாடியே வந்துட்டேன்" என்றவர், ஆட்களைப் பார்த்ததும், "அடடே, ஒறம்பரை வந்திருக்காங்களா! வாங்க, வாங்க" என்று மூட்டையை இறக்கிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு முட்டியையும் முழுதாக மடித்து.

அறையில் எல்லோரும் அந்த முட்டிகளையே பார்த்தோம்.

முதலாளியின் வீட்டம்மாதான் மெதுவாகக் கேட்டார்: "முட்டி... பரவால்லீங்களாங்?"

"ஆருக்குங்க, எனக்கா? அதுக்கென்ன கேடு? மாப்ளைக்குத்தான் நாலு படி ஏறுனா மேல்மூச்சு வாங்கும்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தப் பச்சை டைல்ஸு..."

புத்தகத்தோடு உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மகள், "எங்க ஊட்டு டைல்ஸ் வெள்ளைங்களே" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் ஓட இடமில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்ததை, கேட்டதை, நான் சொன்னதை. என் வாழ்க்கையில் விவரம் சேர்க்காமல் பேசிய ஒரே நேரம் அதுதான்.

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்று என் மனைவி கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"பயந்துபோயிட்டேன்."

"எதுக்கு?"

யோசித்தேன். பெரிய காரணம் ஏதாவது கிடைக்கும் என்று தேடினேன். கிடைத்தது இவ்வளவுதான்: "பெருங்காயம் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது."

முதலாளியின் வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் மாமியார் வெளிப்படையாகவே சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. என்னை விட்டுவிட்டு முதலாளியிடம் திரும்பினாள்.

"அய்யா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கறேன். டெஸ்டிங்குக்கு மூணு பேரை மேனேஜராப் போட்டீங்க. இப்ப அந்தத் தம்பியப் போடறீங்க. அவிய ஊட்டுக்காரம்மாளுக்கெல்லாம் போன் பண்ணிச் சம்மதம் கேட்டீங்களாங்க?"

அவர் பையிலிருந்த ஒரு சாத்துக்குடியை எடுத்து உருட்டினார். "இல்லீங் அம்மணி."

"அப்ப எனக்கு மட்டும் ஏனுங்கய்யா?"

"ஒரு மரியாதைக்குத்தானுங் அம்மணி."

"மரியாதை அவருக்கு வந்து சேந்துருச்சுங்க. வேலைதான் எனக்கு வந்து சேரல."

நான் அவளோடு இருபத்தொரு வருடமாக இருக்கிறேன். பால்காரரிடம் அவள் பேசிக் கேட்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் பேசிக் கேட்டிருக்கிறேன், என்னிடம் பேசி நிறையவே கேட்டிருக்கிறேன். தன் வேலையைப் பற்றித் தன் முதலாளியிடம் அவள் பேசி அன்றுதான் கேட்டேன். மாட்டிக்கொண்ட திருடனாக நின்ற நிலையிலும், எனக்குள்ளே யாரோ எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முதலாளியின் வீட்டம்மா, "எங்கிட்டயே இவரு ஒரு வார்த்தை கேட்டதில்ல, போ" என்றார். "பழைய ஊட்டை வித்துப்போட்டுப் புது ஊடு வாங்கியாச்சுங்கறதே சாமான் ஏத்தற லாரி வந்தப்பதான் எனக்குத் தெரியும். அடுத்தவங்க ஊட்டுக்காரருகிட்ட மட்டும் நல்லாக் கேக்கறாரு."

"நீ சும்மா இரு" என்றார் அவர். ஆனால் கோபம் இல்லை. "அம்மணி, அந்தத் தம்பிகிட்ட வாயால சொல்லிப்போட்டனே."

"எழுத்துல குடுத்தாச்சுங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப எங்கிட்டக் கேளுங்கய்யா. மாட்டேன்னாலும் நான் சொல்றேன், செரின்னாலும் நான் சொல்றேன்."

என் மாமியார் இதற்குள் ஒரு சாத்துக்குடியை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, பெண் கேட்க வந்தவர் மாதிரி, தொண்டையைச் செருமினார்.

"அம்மணி, கிணத்துக்கடவு யூனிட்டை மேனேஜரா இருந்து நீங்க பாத்துக்கறீங்களா?"

"பாத்துக்கறேனுங்கய்யா" என்றாள். கால் நொடி யோசித்திருப்பாள். பிறகு காபி போட உள்ளே போனாள்.

அவர்கள் போன பிறகு, வாங்கப்போகிற திட்டை எதிர்பார்த்துச் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டாள். சமையலறையில் அலமாரியைத் திறந்து வைத்திருந்தாள்.

"இது பெருங்காயம். இது வெந்தயம். பக்கத்துல இருக்கறது கடுகு. மாவு ஆட்டறப்ப உளுந்தை முதல்ல போடோணும்." புது மேனேஜருக்கு வால்வு காட்டுகிற அதே குரல். காட்டி முடித்துக் கதவைச் சாத்தினாள். "தலைவலி மிச்சம், தலைவலி மிச்சம்னு சொன்னீங்களே. அத்தனை தடவையும் ஆருக்குங்க மிச்சமாச்சு?"

கேள்வியிலேயே பதில் இருந்தது.

இதோடு கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். புதன்கிழமை அவள் வீட்டுக்கு வந்து, "லெட்டர் குடுத்தாங்க" என்றாள்.

"எங்க, குடு பாக்கலாம்!"

"திருப்பிக் குடுத்துட்டேன்."

யூனிட் மேனேஜர் என்று அடித்து, பக்கத்தில் 'பொறுப்பு' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார்களாம். ஆறு மாதம் பார்த்துவிட்டு முழுப் பதவி. யாரோ பேக்கரியில் யோசனை சொல்லியிருக்க வேண்டும்.

"மத்தவங்க லெட்டர்ல இந்த வார்த்தை இல்லீங்களேன்னு கேட்டேன். இல்லேன்னாங்க. அப்ப அதே லெட்டரை எனக்கும் அடிச்சுக் குடுங்கன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். பத்தொம்பது வருசமா 'ஃபார்' போட்டாச்சு. இது அதோட தங்கச்சிங்க."

கிடைத்ததையும் கெடுத்துக்கொள்கிறாளே! "வந்ததை வாங்கிக்க கண்ணு. ஆறு மாசம்தான், கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள போயிரும்" என்றேன்.

"அந்த மூணு பேரை ஆரும் கண்ணை மூடச் சொல்லலீங்களே" என்றாள்.

மறுநாள் நான் கடையில் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தபோது மறுபடி போன். மறுபடி அதே முதலாளி. திரையில் பெயரைப் பார்த்ததுமே என் வாய் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றது.

"தம்பி, அம்மணி லெட்டரைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. ஒரு வார்த்தைதானுங். நீங்களாச்சும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

எனக்குள் எல்லாம் தயாராக இருந்தது. 'சொல்றேனுங்கய்யா, அவளுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல், என்ன பேசறோம்னே தெரியல, நூத்தி ரெண்டு டிகிரி' என்று முழு வாக்கியமும் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன்.

"அய்யா, உங்க ரூமுக்கும் டெஸ்டிங்குக்கும் எத்தனை தூரமுங்க இருக்கும்?"

"என்ன, ஒரு இருபது அடி இருக்கும். எதுக்குங் தம்பி?"

"எங்கடைக்குப் பத்துக் கிலோமீட்டருங்கய்யா. பக்கத்துல இருக்கறவங்களையே கேட்டுருங்க."

அவர் சிரித்தார். "முட்டி நல்லாயிருச்சாட்ட இருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டார். போனைக் கீழே வைத்த பிறகுதான் பார்த்தேன், மோட்டாருக்கு அடிக்க வேண்டிய வார்னிஷை என் பில் புத்தகத்துக்கு அட்டை முதல் அட்டை வரை நன்றாக அடித்திருந்தேன்.

நான் செய்தது இவ்வளவுதான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டதற்கு யாரும் மாலை போடுவதில்லை. பெருமை எல்லாம் அடுத்து நடந்ததில்தான், அதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதலாளி அந்த இருபது அடியை நடந்து டெஸ்டிங்குக்கு வந்தாராம். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. "ரீடிங் எடுத்துப்போட்டு வாரேனுங்கய்யா" என்று இவள் சொல்ல, அவர் தொட்டி ஓரமாக நின்று காத்திருந்தாராம். எடுத்து முடித்து வந்து சொன்னாளாம்: "நான் சரியாப் பாக்கலைன்னா என்னை மாத்துங்கய்யா, ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். மத்தவங்களையும் அப்படித்தானே மாத்துவீங்க. ஆனா வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னயே பேருக்குப் பக்கத்துல சந்தேகத்தை எழுதாதீங்க."

அன்று மாலையே வேறு லெட்டர் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதில் அந்தச் சொல் இல்லை. அந்த இன்ஜினியர் தம்பி, "அக்கா, உங்களை உட்டுப்போட்டு என்னைப் போடறோம்னு சொன்ன நாள்ல இருந்து எனக்கும் ஒரே வெசனமா இருந்துச்சு. உங்ககூடவே நானும் கிணத்துக்கடவுக்கு வாரேன்" என்று கேட்டுக்கொண்டு போய்விட்டான். பெட்ஷீட் விற்றுத் தீரும்வரை எங்களோடு தங்கியிருந்த என் மாமியார், லெட்டரை வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாம் என்ற முட்டியாலதான்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு, மீதிச் சாத்துக்குடியையும் அவரே தின்று தீர்த்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் கிணத்துக்கடவுக்குப் போனேன். அவள் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போயிருந்தாள். நான் வைத்த சாம்பார். வேண்டுமென்றே மறந்தாளோ என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு.

தென்னந்தோப்புகளைத் தாண்டிப் புது யூனிட். வாசலில் வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் 'மேனேஜர்' என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேனாவை எடுக்கவில்லை.

"என்ன விசயமாங்க?"

"சாம்பாருங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். "மேடம், உங்க ஊட்டுக்காரருன்னு ஒருத்தரு வந்திருக்காருங்க. உள்ள உடலாமுங்களா?" கேட்டுக்கொண்டார். வைத்தார். "பம்ப் ஓடிட்டிருக்குதாமா. பத்து நிமிசம் உக்காரச் சொன்னாங்க."

உட்கார்ந்தேன். பக்கத்தில் பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு டீலர் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் மேனேஜரைப் பாக்கத்தானுங்களா?"

"ஆமாங்க."

"அவரு எப்படிங்க ஆளு? கறாரா?"

"அவரு இல்லீங்க, அவங்க. ரொம்பக் கறாருங்க."

"உங்களுக்குப் பழக்கமுங்களா?"

பதற்றம் எதுவும் இல்லை. இருந்தும் என் வாய் தானாகக் கிளம்பிவிட்டது. பத்தொன்பது வருடம், மூன்று மேனேஜர்கள், ஸ்க்ரூ டிரைவர், திருப்பிக் கொடுத்த லெட்டர், தொட்டி ஓரம் காத்து நின்ற முதலாளி என்று அந்த மனிதர் கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். பத்து நிமிடம் போதவில்லை. வழக்கம்போல விவரம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் இந்தத் தடவை ஒன்றுகூடப் பொய் இல்லை, டைல்ஸ் வெள்ளை என்பது வரை.